கூட்டம் இருந்த கிளினிக்

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. நான் பக்கத்தில் இருந்தால், கொட்டாவி வந்தாலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் விடுவாள். நல்ல பழக்கம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்வதில்லை. வலப்பக்கம் கீழ்வரிசையில் அவளுக்கு ஒரு கடவாய்ப்பல் இல்லை. அது இல்லாமல் போனது என்னால். என்னிடமிருந்து அந்த இடத்தைத்தான் அவள் இன்னும் மூடி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

திருவண்ணாமலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மெஷின் பழையது. அது சூடேறி ஒரு தாளைத் துப்புவதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஆதார் அட்டையில் இருக்கும் போட்டோ ஒன்று போதும், பத்து நிமிஷம் ஓட்டிவிடலாம். கடையில் பிழைக்க உதவிய இந்தப் பழக்கத்தை நான் சாயங்காலம் ஷட்டரோடு சேர்த்து இறக்கி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது, ஒரு நாள் காலையில் பல் தேய்த்து விட்டுக்கொண்டிருந்த என் மனைவி கூப்பிட்டாள்.

"என்னாங்க, இங்க வந்து பாருங்க. பின்னாடி பல்லுல ஓட்டை."

"பால் பல்லுதான? விழுந்துடும்."

"இந்தப் பல்லு போன வருஷம் அங்க இல்லைங்க. எதுவும் விழாமலே புதுசா வந்துச்சு."

"அப்ப அது லேட்டா வந்த பால் பல்லு. உங்க ஊரு பஸ் மாதிரி."

அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி. அங்கேயே ஒரு பள்ளியில் டீச்சராகவும் இருக்கிறாள். ஊரைச் சொன்னால் கோபம் வரும். கோபம் வந்தால் பேச்சு திசை மாறும். அன்றும் மாறியது. பல் அப்படியே இருந்தது.

என் அறிவு அவ்வளவுதான். பால் பல் விழும், அது விழுந்த இடத்தில் புதுப் பல் முளைக்கும். எதுவுமே விழாமல் வந்த பல் என்றால் அது பால் பல்லாகத்தானே இருக்க வேண்டும்? ஊரில் நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார்கள்.

சொன்னவர் ஒரு பெண் டாக்டர். குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிறவர். விழுப்புரத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் வந்து போவார். எங்கள் ஊரில் ஒரு கட்டடத்தின் மாடியில் புதிதாக கிளினிக் திறந்திருந்தார். மனைவியோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லி, ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். உள்ளே எங்களைத் தவிர யாரும் இல்லை. சுவரெல்லாம் மீன் படம். நாற்காலிகள் எல்லாம் குழந்தைகள் உட்காரும் அளவில் இருந்தன. ஒன்றில் நான் உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

ஆள் இல்லை என்பதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எங்கள் ஊரில் எதற்கும் கூட்டம்தான் அத்தாட்சி. இட்லி நன்றாக இருக்குமா என்று கடைக்காரரைக் கேட்க மாட்டோம், வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்ப்போம். மாதம் ஒரு பௌர்ணமிக்கு ஊரே தாங்காத ஜனத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நாற்காலியில் சிக்கியபடியே, இந்தம்மாவுக்குத் தொழில் தெரிந்திருந்தால் இங்கே நாலு பேராவது இருக்க மாட்டார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எங்களிடம் பேசவே இல்லை. மகளிடம்தான் பேசினார். ஒரு குட்டிக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். காற்று அடிக்கும் குழாயை முதலில் அவள் விரல் நகத்தில் அடித்துக் காட்டினார். பிறகு, "உன் பல்ல நான் எண்ணட்டுமா? நீயும் கூட எண்ணு" என்றார். அவள் வாயைத் திறந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "டாக்டர், சுத்தியல எங்க வெச்சிருக்கீங்க?" என்றேன்.

மகளின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

"அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்தா நல்லாருக்கும்" என்றார் டாக்டர், திரும்பாமலே. என் மனைவி சிரித்தாள். என் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிவிட்டது.

இருபத்திமூன்று பற்கள். எண்ணி முடித்து, மகளை மீன் படம் பார்க்க அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார். அது பால் பல் இல்லை, ஆறு வயதுக்கு மேல் கடைசியில் தனியாக முளைக்கிற பல், ஆயுசுக்கும் இருக்க வேண்டியது என்றார். ஓட்டை எவ்வளவு ஆழம் என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும். இன்றைக்கு எதுவும் செய்யப்போவதில்லை, அவள் இந்த இடத்துக்குப் பழகட்டும் என்றார்.

"இன்னொண்ணுங்க. வலிக்காதுனு சொல்லிக் கூட்டிட்டு வராதீங்க. என்னா பண்ணப் போறோமோ அதச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலனு சொல்லுங்க. ஒரு தடவ ஏமாந்துட்டா, அப்புறம் அது வாயே திறக்காது."

படியிறங்கும்போது மனைவியிடம் சொன்னேன்: "எண்ணறதுக்கு ஒரு டாக்டரா? நம்ம தெரு முனையில காய்கறிக்காரர்கூட எண்ணித்தான் குடுக்கறாரு."

"அவங்க சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு. ஈ ஓட்டிக்கினு கீறாங்க. வந்த ஒரு ஆளையும் நாலு தடவ வரவைக்கப் பாக்கறாங்க."

மகளுக்கோ அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரின் பற்களையும் எண்ணினாள். "அம்மாக்கு முப்பது. அப்பாக்கு கம்மி, இருபத்தாறுதான்" என்றாள்.

என் கணக்கில் குறைந்ததற்குக் காரணமானவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பல் டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. என்ன படித்தார் என்று கேட்க மாட்டோம். கை பட்டால் வலி போகுமா என்று மட்டும் கேட்போம். அவர் கை பட்டால் வலி போகும், பல்லும் கூடவே போகும். எனக்கு நாலு தடவை போனது. ஒரு தடவைகூட இரண்டாம் முறை வரச் சொன்னதில்லை. அதுதான் அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை.

பக்கத்து டீக்கடைக்காரரிடம் மாடி டாக்டரின் கதையைச் சொன்னேன். நடித்துக் காட்டினேன் என்றே சொல்ல வேண்டும். குட்டி நாற்காலி, மீன் படம், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவது எல்லாம். டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏழு வயசுல பர்மனெண்ட் பல்லா?" என்றார் டீக்கடைக்காரர். "எங்க பெரியவன் பத்து வருஷமா ஆபீஸ் போறான், இன்னும் பர்மனெண்ட் ஆவல. நீ பேசாம நம்ம கைராசிக்காரருகிட்ட இட்டுக்கினு போ, தலைவரே. ஒரே இழுப்பு."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை மாடி டாக்டரிடம் படம் எடுக்கப் போக வேண்டும். வியாழக்கிழமை பௌர்ணமி. அன்று காலையிலேயே மகளுக்கு வலி வந்துவிட்டது. மனைவி ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தாள்; பௌர்ணமியன்று பஸ் எல்லாம் ஊருக்கு வெளியேதான் நிற்கும், சீக்கிரம் நடந்தால்தான் பிடிக்க முடியும். நான் மகளைக் கடைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன். அவள் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு என்னைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"வலிக்கு வீட்டுல இருக்கிற சிரப்பக் குடுக்கச் சொல்றாங்க. அளவு சொல்றேன், எழுதிக்குங்க. வெதுவெதுனு உப்புத் தண்ணியில வாய் கொப்பளிக்க வைங்க. நாளைக்குக் காலையில மொத ஆளா பாக்கறேன்னுட்டாங்க. அதுவரைக்கும் வேற எங்கயும் போவாதீங்க."

"சரி" என்றேன்.

சிரப் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் அழுகை நின்றது. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மீன் வரைந்துகொண்டிருந்தாள். "அந்த டாக்டர் அக்காக்குத் தரப் போறேன்" என்றாள். வலி தாங்காமல்தான் கூட்டிப்போனேன் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான் அவளைக் கூட்டிப்போனபோது அவளுக்கு வலி இல்லை. மீனுக்கு வால் வரைந்துகொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். டீக்கடைக்காரர் டீ கொண்டுவந்தார். மகளைப் பார்த்தார்.

"இன்னா தலைவரே, கொழந்தைக்குக் கன்னம் வீங்கிக்கீது?"

"பல்லு வலி."

"அந்தம்மா இன்னும் எண்ணிக்கினுதான் கீதா?"

கடையில் நின்றிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த ஜோக். அதற்கு முன் மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் நான் நின்றதில்லை. "பெத்த புள்ளைய இப்படி உக்கார வெச்சிக்கினு கீறியே" என்று யாரோ ஒருவர் சேர்த்துக்கொண்டார். காது சூடானது. ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"வா பாப்பா, பல் டாக்டருகிட்ட போய் வரலாம்."

"அந்த அக்காகிட்டயாப்பா?"

"ஆமா."

"எண்ணுவாங்களா?"

"எண்ணுவாங்க."

அவளே செருப்பை மாட்டிக்கொண்டாள். மீன் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

தெருவெல்லாம் ஜனம். மலை சுற்ற வந்தவர்கள் பகலிலேயே எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருந்தார்கள். என் கை நழுவினால் தொலைந்துபோவாள் என்பதால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கைராசிக்காரரின் கிளினிக் வாசலில் செருப்புகள் படி வரை கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் நிறைந்தது.

"இது வேற எடம்ப்பா" என்றாள் மகள்.

"அந்த அக்கா உள்ள இருக்காங்க."

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொல்லும்போது இருந்த தயக்கம்கூட இதற்கு இல்லை.

டாக்டருக்கு அறுபது வயதிருக்கும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாயில் பஞ்சோடு பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், அவர் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"பால் பல்லா?"

"பால் பல்லுதான் டாக்டர்."

"ஓட்டை பெருசா இருக்கே. எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க."

அன்று என் வார்த்தையை நம்பியவர்கள் இரண்டு பேர். அவர் ஒருவர்.

மகள் நாற்காலியில் ஏறி, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்து, "எண்ணுங்க" என்றாள். டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சிரித்து வைத்தேன். ஊசியைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "அப்பா, தலையப் புடிங்க" என்றார் டாக்டர். பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஊசி இறங்கியபோதும் சரி, அதன் பிறகும் சரி, அவள் டாக்டரைப் பார்க்கவே இல்லை. கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒரே இழுப்பு. டீக்கடைக்காரர் சொன்னது அதில் மட்டும் சரி.

டாக்டர் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பி வேரையும் பார்த்தார்.

"கொழந்தைக்கு எத்தினி வயசுன்னீங்க?"

"ஏழு டாக்டர்."

"ம்" என்றார். பல்லைத் துண்டுக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். "வலி இனிமே இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது அவள் அழவில்லை. கையைப் பிடிக்கப் போனேன், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு கூட்டத்தில் என் சட்டையைக்கூடப் பிடிக்காமல் இரண்டடி பின்னால் நடந்து வந்தாள். நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஐஸ்கிரீம் வாங்கினேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். நானே தின்றேன். அவளுக்கு எப்போதும் சிரிப்பு வரும் ஒரு ஜோக், யானையும் ஆட்டோவும் வருவது, அதைச் சொல்லிப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஆள் பேசுவதைப் போலப் பார்த்தாள். மீன் படம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் மனைவி வந்தாள். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில வரச் சொன்னாங்கனு சொன்னேனே."

"வலி தாங்கல. துடிச்சிட்டா."

மகள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்: "சிரப் குடிச்சப்பவே வலி நின்னுடுச்சும்மா. அந்த அக்காகிட்டதான் போறோம்னு அப்பா சொன்னாரு."

மனைவி என்னைத் திட்டவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் ஊரை இழுத்து ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "கொழந்தைகிட்ட போயி எதுக்குங்க இந்த ஏமாத்து வேலை?" என்று மட்டும் கேட்டாள். உண்மையிலேயே பதில் வேண்டும் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். நாலு பேர் சிரித்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை மாடி கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். பாதிப் படியில் மகள் நின்றுவிட்டாள். "அப்பா வர வேணாம்" என்றாள். நான் கீழே வண்டியில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரே படியிறங்கி வந்தார். கையில் அந்தக் காகிதம்.

"இதுக்கு பதிலா வேற பல் வராதுங்க. பின்னாடி ஒண்ணு வரும், அது முன்னால சாஞ்சிடாம பாத்துக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

"உங்ககிட்ட வந்திருந்தா காப்பாத்தியிருப்பீங்களா டாக்டர்?"

"முடிஞ்சிருக்கும்னுதான் நெனக்கிறேன். படம் எடுக்கலையே, உறுதியா சொல்ல முடியாது."

ஆமாம் என்று சொல்லி என்னை நசுக்கியிருக்கலாம். இல்லை என்று சொல்லி விட்டிருக்கலாம். தெரிந்ததை மட்டும் சொன்னார். அன்றைக்குத்தான் அவரை நான் நம்பினேன். பல் காகிதத்தில் இருந்தது.

உள்ளே மகள் வாயைத் திறக்கவே இல்லையாம். அந்த அக்கா மேல் இருந்த நம்பிக்கையும் போயிருந்தது. அந்த அக்கா இருப்பதாகச் சொன்ன இடத்தில்தானே அது நடந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. அவள் மறுபடி பழகும் வரை மாதம் ஒரு தடவை வரச் சொன்னார். கண்ணாடியைக் கையில் கொடுப்பது, பேசிக்கொண்டிருப்பது, அனுப்பிவிடுவது. ஆறாவது தடவைதான் வாயைத் திறந்தாளாம். எண்ணறதுக்கு ஒரு டாக்டரா என்று கேட்டவன், எண்ணக்கூட முடியாமல் திரும்பியவர்களை ஐந்து முறை வண்டியில் வீட்டுக்கு ஓட்டிவந்தேன். படியேறும் உரிமை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. கீழே நிற்கிறேன். அங்கே கீழே கடை வைத்திருப்பவர் ஒரு நாள் என்னை டிரைவர் என்று நினைத்து, வாடகைக்கு வருவேனா என்று கேட்டார்.

இப்போது அந்த மாடியில் உட்கார இடம் கிடைப்பதில்லை. படி வரை செருப்பு. என் கடைக்கு வருகிறவர்கள் குழந்தைக்கு எந்தப் பல் டாக்டர் நல்லவர் என்று கேட்டால் அவரைத்தான் சொல்கிறேன். "கூட்டம் வருதா?" என்று கேட்கிறார்கள். வருகிறது என்கிறேன். உடனே நம்பிக்கையோடு போகிறார்கள். கூட்டம் இல்லாத காலத்திலும் அவர் இதே டாக்டர்தான் என்று சொல்ல வாயெடுப்பேன். சொன்னால் அதன் பின்னால் இருக்கும் கதையைக் கேட்பார்கள்.

வீட்டில் பெரிய சண்டை எதுவும் இல்லை. மகள் என்னோடு பேசுவாள், கடைக்கு வருவாள், ஜோக்குக்குச் சிரிக்கவும் செய்வாள். கொஞ்சம் தள்ளி நின்று, டிவியில் வருகிற ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல. மழை வருமா என்று என்னிடம் கேட்பாள். நான் வரும் என்றால் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் விடவில்லை. ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார்கள். மனைவிக்குப் பள்ளியில் தேர்வு, நான்தான் லேபுக்குக் கூட்டிப்போனேன். ஊசியைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் அவள் முகம் மாறியது. நான் பழைய ஆள் இல்லை என்று காட்டிவிட வேண்டும் என்று நான் நாலு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

"வலிக்கும் கண்ணு" என்றேன். "குத்தும்போது நல்லாவே வலிக்கும். அப்புறம் கம்மியாயிடும்."

என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஊசி போடும் பெண்ணிடம் திரும்பி, "வலிக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"குத்தும்போது வலிக்கும்டா. அப்புறம் இருக்காது."

அவள் தலையாட்டினாள். கையை மடக்காமல் மேஜைமேல் வைத்தாள். இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நான் என் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.